ஐசக் மர்ஃபியின் கூட்டம் எங்கே போனது?

"விளையாட்டுல நிறம் எல்லாம் கிடையாதுப்பா, திறமை இருந்தா மேல வரலாம்" என்று சொல்லும் ஆசாமிகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் அமெரிக்கக் குதிரைப் பந்தய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.

1875-ல் முதல் கென்டக்கி டெர்பி. ஓடிய குதிரைகள் 15. அதில் 13-ல் உட்கார்ந்திருந்தவர்கள் கறுப்பர்கள். முதல் 28 டெர்பிகளில் 15-ஐ ஜெயித்ததும் அவர்களே. அடிமைக் காலத்திலிருந்தே லாயம் கூட்டி, குதிரையைத் தேய்த்து, பழக்கி, ஓட்டியது அவர்கள்தானே... தொழில் வேறு யாருக்குத் தெரியும்?

அந்தக் கூட்டத்தின் ராஜா ஐசக் மர்ஃபி. 1861-ல் கென்டக்கியில் பிறந்தவர். 1884, 1890, 1891 என மூன்று டெர்பி. மூன்று முறை ஜெயித்த முதல் ஜாக்கி இவர்தான். சவுக்கை அதிகம் எடுக்கமாட்டார். தன் கணக்குப்படி நூறு பந்தயத்துக்கு 44 வெற்றி என்றார். பின்னால் வந்தவர்கள் பழைய பதிவுகளைக் கிளறி அதைச் சுமார் 34 ஆக்கினார்கள். சரி, 34 என்றே வைத்துக்கொள்வோம். மூன்று தடவை ஏறினால் ஒரு தடவை ஜெயிப்பு! இன்றைக்கு 20-ஐத் தாண்டினாலே கெட்டிக்கார ஜாக்கி.

1890 ஜூனில் சால்வேட்டர் மேல் ஏறி டென்னியை முந்தியபோது ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. ஆகஸ்டில் மான்மத் பார்க்கில், ஃபிரென்ஸி என்ற குதிரையில் தள்ளாடிக் கடைசியாக வந்தார். அவ்வளவுதான், குடிகாரன் என்று முத்திரை குத்திவிட்டார்கள். எடை குறைக்கப் பட்டினி கிடந்த உடம்பு என்றும், யாரோ எதையோ கலந்து கொடுத்திருக்கலாம் என்றும் சிலர் சொன்னது எடுபடவில்லை. 1896 பிப்ரவரியில் நிமோனியாவில் செத்துப்போனார். வயது 35. அதே வருஷம் மே மாதம் 'பிரித்து வைத்தாலும் சமம்தான்' என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது.

"கறுப்பர்கள் வேறு வேலை தேடி வடக்கு நகரங்களுக்குப் போய்விட்டார்கள், அதான்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். போனார்கள், உண்மைதான். ஆனால் ஓடுகளத்தில் வெள்ளை ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்து கறுப்பு ஜாக்கிகளை வேலியோடு நசுக்கியதும், சவுக்கால் அடித்ததும், வம்பு வேண்டாம் என்று முதலாளிகள் அவர்களுக்குக் குதிரை தருவதையே நிறுத்தியதும் எந்தக் கணக்கில் வரும்? 1901, 1902 டெர்பிகளை ஜெயித்த ஜிம்மி விங்க்ஃபீல்ட் பிழைப்புக்கு ரஷ்யா போனார் சாமி, ரஷ்யா! 1961-ல் அவரை லூயிவில்லுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போன மனுஷனை ஓட்டலின் முன்வாசலில் நிறுத்திவிட்டார்கள், அப்போது அவருக்கு வயது எண்பதுக்குப் பக்கம்.

1921-க்கு அப்புறம் டெர்பியில் ஒரு கறுப்பு அமெரிக்க ஜாக்கி ஏற 2000 வரை ஆயிற்று. 79 வருஷமாகத் திறமை தூங்கிக்கொண்டிருந்ததாக்கும்?

மர்ஃபியின் கல்லறையைக்கூட மறந்துபோய், 1960களில்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1967-ல் எடுத்துக்கொண்டு போய் மரியாதையாக மறுபடி புதைத்தார்கள்... மேன் ஓ வார் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் சமாதிக்குப் பக்கத்தில்.