உடலுக்கேற்ற துப்பாக்கி

அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, கை நீளம் போதவில்லை என்று தம்பியைக் கோபித்துக்கொள்வார் உண்டா? துப்பாக்கி விஷயத்தில் மட்டும் இவ்வநீதி சர்வசாதாரணம்.

சீனத்தின் ஹாங்சௌ நகரில் 2023-ஆம் ஆண்டு நடந்த ஆசிய விளையாட்டில், தட்டுச் சுடும் 'டிராப்' பந்தயத்தில் நம் நாட்டு ஆடவர் மூவர் கூட்டாகத் தங்கம் வென்றனர். அவர்களுள் ஒருவர் புதுக்கோட்டைப் பிருதிவிராஜ் தொண்டைமான். இவ்வித்தையில் பிரவேசிக்க விரும்பும் இளைஞரும் யுவதிகளும் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் பெரியவர் ஒருவருடைய துப்பாக்கியைத்தான். தட்டு தப்புகிறது, கன்னம் கன்றுகிறது, 'உனக்குக் குறி வராது' என்ற தீர்ப்பும் கிடைத்துவிடுகிறது. குற்றவாளி துப்பாக்கிக் கட்டையாக இருக்கலாம் என்று எவரும் நினைப்பதில்லை.

இயந்திரம் வீசியெறியும் தட்டின் அகலம் 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம். அதைச் சுடும் ரவைத் துப்பாக்கிக்குப் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் கட்டையில் படியும் இடத்தைப் பொறுத்தே கண்ணின் ஸ்தானம் அமையும். கட்டை பொருந்தாவிடில் ரவை வேறு வழி போவதில் வியப்பென்ன?

முதலில் எந்தக் கண் தலைமைக் கண் என்று அறிக. இரு கண்களையும் திறந்தபடி தூரத்து மரமொன்றை விரலால் சுட்டி, இடக்கண்ணை மூடுக. விரல் மரத்தைவிட்டு விலகாவிடில் வலக்கண்ணே தலைமை, விலகினால் இடக்கண். அந்தப் பக்கத்துத் தோளே துப்பாக்கிக்கு உரியது.

அடுத்து, துப்பாக்கியைத் திறந்து, குழல்கள் காலி என்பதைக் கண்ணால் கண்டு, ஆளில்லாத திசை நோக்கித் தோளில் ஏற்றுக. மூக்குக்கும் கட்டையைப் பிடித்த கையின் பெருவிரலுக்கும் இடையே ஏறக்குறைய 2 விரற்கடை இருந்தால் நீளம் சரி. பிறகு கண்களை மூடியபடி ஏற்றித் திறந்து பாருங்கள். குழலின் மேற்பட்டை சற்றே தெரிந்தால் உயரம் சரி. துப்பாக்கியின் பின்புறமே கண்ணை மறைத்தால், கன்னம் படியும் இடம் தாழ்வு. பட்டை மிகுதியாகத் தெரிந்தால் உயர்வு.

சிற்றுருவினருக்கு இலேசான துப்பாக்கியே நல்லது என்பதும் மயக்கம். ஒரே தோட்டாவுக்கு இலேசான துப்பாக்கிதான் பலமாக உதைக்கும்.

கட்டை நீளமானால் கைதேர்ந்த தொழிலாளி குறைத்துத் தருவார்; குட்டையானால் ரப்பர் பட்டை வைத்து நீட்டுவார். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெறவேண்டிய பொருளாதலின், வாங்க அவசரம் வேண்டாம். சங்கத்துத் துப்பாக்கிகள் நாலைந்தைத் தோளில் ஏற்றிப் பார்த்தபின் முடிவு செய்க.

பெற்றோர்களே, பிள்ளையின் குறியைப் பழிக்குமுன் கட்டையை அளந்து பாருங்கள்.