ஓலையைத் திறக்கும் முன்: தானியங்கி விவரப் பதிவு குறித்து எங்கள் நிலைப்பாடு

திருவனந்தபுரம்

பட்டறையில் சுற்றுக்கு விடப்பட்ட ஆணையை உறுப்பினர்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். சுவடிக்கட்டு உள்ளே வந்ததும் இனி நேரே படமெடுக்கும் மேசைக்குப் போகும். படத்தைப் பார்த்து மென்பொருள் நிலைக்குறிப்பை நிரப்பும். நாம் அதைச் 'சரிபார்த்து' அடியில் கையொப்பம் இட வேண்டும். இதன் முன்கதையை இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை; சென்ற கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தையும் சொல்லப் போவதில்லை.

கணினி வருவதைச் சுவடி செப்பனிடுவோரான நமது சங்கம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. 'கொள்கையளவில்' என்ற சொல் வேண்டுமா என்று நெடுநேரம் பேசினோம். இருக்கட்டும் என்று முடிவானது. 2003இல் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கிய காலத்திலிருந்தே படமெடுப்பும் மின்பட்டியலும் நமக்குப் பழக்கம்தான். 2025-26 நடுவண் வரவுசெலவுத் திட்டத்தில் ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகள் அதன் இலக்காக வைக்கப்பட்டபோது வரவேற்றவர்களில் நாமும் உண்டு. அத்தனையையும் நாலு பேர் உட்கார்ந்து கையால் எழுதித் தீர்க்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். இயந்திரம் படமெடுக்கட்டும், எண்ணிடட்டும், அட்டவணை போடட்டும்.

ஆனால் செப்பனிடும் முன் எழுதும் நிலைக்குறிப்பை அது எழுதக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் பேசித் தீர்க்கலாம் என்று செயற்குழுவில் பெரும்பான்மையோர் கருதுகிறார்கள். இதில் மட்டும் முடியாது.

கட்டு மேசைக்கு வந்த முதல் அரை மணி நேரம் திரும்ப வராது. கயிறு எந்தப் பக்கம் முடிச்சிடப்பட்டிருந்தது, இழை புதியதா பழையதா, சட்டப்பலகை இந்தக் கட்டுக்கே உரியதா, வேறொன்றிலிருந்து வந்து சேர்ந்ததா, ஓரத்தில் இருப்பது கரையான் மண்ணா அடுப்புப் புகையா, இடையில் யாராவது ஒரு நறுக்கைச் செருகி வைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் கயிற்றை அவிழ்க்கும் முன்னும் அவிழ்க்கும்போதும்தான் பார்க்க முடியும். படக்கருவியின் கீழ் ஏடுகள் ஒவ்வொன்றாகத்தான் போகின்றன. கட்டு என்ற பொருள் அங்கே போவதே இல்லை.

புழுத்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். புழு ஏட்டு வரிசை பார்த்துத் தின்பதில்லை, உள்ளே புகுந்தால் அடுத்தடுத்த ஏடுகளைத் துளைத்துக்கொண்டே போகும். ஏடுகள் பின்னால் இடம் மாறியிருந்தால் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. ஏட்டெண் சிதைந்த கட்டில் பழைய வரிசையைக் கண்டுபிடிக்கப் பல நேரம் அந்தத் துளைதான் சாட்சி. கட்டை முழுதாகக் கையில் வைத்துப் பார்த்தவர் இதை ஒரு வரியில் எழுதிவிடுவார். தனித்தனிப் படங்களைப் பார்க்கும் மென்பொருள் ஒவ்வோர் ஏட்டுக்கும் 'பூச்சி அரிப்பு உண்டு' என்று எழுதும். பொய்யில்லை. அதனால் யாருக்கு என்ன பயன்?

மை பூசாத ஏடு இன்னொன்று. எழுத்தாணி கீறிய கோடு மட்டும் இருக்கும், கரி இருக்காது. நேர் வெளிச்சத்தில் அது வெற்றோலை போலவே தெரியும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து, ஏட்டைச் சற்றே திருப்பினால்தான் எழுத்து எழும்பி வரும். சில கட்டுகளில் நடுவிலுள்ள ஏடுகளில் மட்டும் மை ஏறியிருக்கும். ஒரு வீட்டில் எந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு தடயம். பிறகு நாம் என்ன செய்கிறோம்? தூரிகையால் துடைக்கிறோம், ஸ்பிரிட் வைத்துச் சுத்தம் செய்கிறோம், புல்தைலம் தடவுகிறோம், விளக்குக் கரி ஏற்றுகிறோம். எல்லா ஏடும் ஒரே கறுப்பு. பழைய மை எங்கே இருந்தது என்பது அந்த நிமிடத்தோடு போய்விடுகிறது. செப்பனிடுவது நல்ல வேலைதான். ஆனால் அது தடயத்தை அழிக்கும் வேலையும்கூட. அழிவதற்கு முன் ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிவைத்த தாள் ஒன்றே மிஞ்சுகிறது. அந்தத் தாளில் தவறு இருந்தால் பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது, பார்க்க வேண்டிய பொருளே மாறிவிட்டிருக்கும். இதைத்தான் 'எழுத்து வேலை' என்று ஆணை சொல்கிறது. எழுத்து வேலையாம்!

வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பழுதுபார்க்கும் ஐரோப்பியப் பட்டறைகளில் பலகத்தைப் பிரிக்கும் முன் அதன் மேல் தாள் விரித்து ஈயச் சட்டங்களின் அமைப்பைத் தேய்த்துப் பிரதி எடுக்கிற வழக்கம் உண்டு. பிரித்தபின் பழைய ஈயம் போய்விடும் என்பதே காரணம். அங்கும் படக்கருவிக்குப் பஞ்சமில்லை.

சரிபார்க்கத்தானே நாம் இருக்கிறோம் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிரப்பி வந்த படிவத்தைப் படிப்பதும் வெற்றுத்தாளை எதிரே வைத்துக்கொண்டு ஓலையைப் பார்ப்பதும் ஒன்றல்ல. படிவத்தில் 'நிலை: நடுத்தரம்' என்று இருந்தால் கண் அதற்கு இசைந்துபோகும். சோதனை ஓட்டத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டு ஏடுகளை மென்பொருள் ஒன்றென எண்ணியது. கையொப்பமிட்ட நம் ஆளும் அப்படியே விட்டுவிட்டார். அவர் கவனக்குறைவானவர் அல்லர். நமக்குள் அவரைப் பற்றி வேறு கருத்து யாருக்கும் இல்லை.

அடுத்து மொழிக் கட்டம். படிவத்தில் மொழி ஒன்று, எழுத்து ஒன்று என்றுதான் தேர்ந்தெடுக்க முடிகிறது. பத்மநாபசுவாமி கோயில் மதிலகம் ஆவணங்களின் ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு படிவம்! அந்தச் சுருணைகளில் தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று எழுத்தும் மாறும். கிரந்தத்துக்கே யூனிகோடில் 2014இல்தான் இடம் கிடைத்தது. வட்டெழுத்துக்கு இதை எழுதும் வரை கிடைக்கவில்லை. எழுத்து மலையாளம் போலத் தெரிந்தால் மொழியும் மலையாளம் என்று விழுந்துவிடும், உள்ளே இருக்கும் தமிழ் பட்டியலில் காணாமல் போகும். தமிழ் ஏட்டிலோ புள்ளி இல்லை, எகர ஒகரங்களில் குறில் நெடில் பிரிவு இல்லை, காலும் ரகரமும் ஒன்றே. பொருள் தெரிந்தவரால்தான் எழுத்தையே படிக்க முடியும். ஆண்டைக் குறிப்பதிலும் இதே சிக்கல்: கொல்லம் ஆண்டைக் கிறித்தவ ஆண்டாக்க 825 கூட்டுவதா 824 கூட்டுவதா என்பதும் மாதத்தைப் பொறுத்தது. குளச்சல் போர் நடந்த 1741 ஆகஸ்டு 10 கொல்லம் 916இன் கடைசி நாட்களில் விழுகிறது. சில நாளில் சிங்ஙம் மாதம் பிறந்து 917 வந்துவிட்டது.

'ஆசிரியர்' என்ற கட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1909இல் பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் சமஸ்கிருத அறிஞர் த. கணபதி சாஸ்திரி ஒரு கட்டைக் கண்டெடுத்தார். மலையாள எழுத்து, சமஸ்கிருத நாடகங்கள், எதிலும் ஆசிரியர் பெயர் இல்லை. தொடக்கத்தின் அமைப்பையும் பழைய நூல்களில் வரும் குறிப்புகளையும் ஒட்டிப் பார்த்து அவை பழைய நாடகாசிரியர் பாசனுடையவை என்றார். 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அவை அச்சேறின. அவர் சொன்னதை ஏற்காத அறிஞர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அது வேறு விஷயம். தவறே ஆனாலும் அதன்மேல் அவர் பெயர் இருக்கிறது, காரணம் எழுதப்பட்டிருக்கிறது, மறுப்பவர் எதை மறுக்க வேண்டும் என்று தெரிகிறது. நமது புதிய படிவத்தில் அந்தக் கட்டு வந்திருந்தால் 'ஆசிரியர்: தெரியவில்லை' என்று நிரம்பி அலமாரிக்குப் போயிருக்கும்.

செலவு மிச்சமாகும் என்பதை மறுக்கவில்லை. ஒப்பந்தப் பணியாளர்களின் நிலை குறித்துத் தனிக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். படங்கள் யாருக்குச் சொந்தம், மென்பொருளைப் பயிற்றுவிக்க அவை போகின்றனவா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

எனவே சங்கம் கேட்பது இது. கட்டை அவிழ்த்துச் செப்பனிடப் போகிறவரே நிலைக்குறிப்பை எழுத வேண்டும், அவிழ்க்கும் முன் தொடங்கி, தன் பெயரில். படமெடுப்பு அதன் பின் வரட்டும். மென்பொருள் தரும் பதிவில் அது மென்பொருள் தந்தது என்று தெளிவாக அச்சிட வேண்டும். மொழி, எழுத்து ஆகிய கட்டங்களில் ஒன்றுக்கு மேல் எழுத இடம் வேண்டும். குறிப்பு எழுத ஆகும் கால அளவு பற்றிப் பேச, இயன்றவரை விட்டுக்கொடுக்க, நாங்கள் தயார். இந்தக் கடைசி வாக்கியத்தை எல்லா உறுப்பினர்களும் விரும்பவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

பேச்சுவார்த்தை முடியும் வரை உறுப்பினர்கள் படமெடுப்புக்கு ஒத்துழைக்கலாம். வழக்கமான தாளில் வழக்கம்போல் குறிப்பு எழுதிக் கட்டோடு வையுங்கள். இயந்திரம் நிரப்பிய படிவம் வந்தால் திருத்த வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். கையொப்பக் கட்டத்தைக் காலியாக விட்டுத் திருப்பி அனுப்புங்கள்.