தீர்ப்பு வந்துவிட்டதா? நாளை எண்ணுங்கள்!

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் போன மாதம் அழுதுகொண்டே வந்தாள். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததாக அவள் மகனுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இரண்டு வருஷம் தண்டனை; பையன் ஜெயிலில். "அப்பீலுக்குப் பணம் சேர்த்துக்கிட்டு இருக்கேம்மா" என்றாள். தீர்ப்பாகி 22 நாள் ஆகியிருந்தது! எனக்குப் பகீரென்றது. செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள்தான் கெடு.

பணமில்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், சகோதரிகளே. ஜெயிலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். சிறை அதிகாரி மூலமாகவும் மனு அனுப்பலாம். அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடும்படியும் கேட்கலாம்.

அப்பீல் என்றாலே விடுதலை என்றும் நினைக்கக்கூடாது. நடிகர் சஞ்சய் தத்துக்கு ஆயுதச் சட்டப்படி 2007-ல் ஆறு வருஷம் விதித்தார்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட், குற்றம் உறுதி என்று சொல்லி, தண்டனையை மட்டும் ஐந்து வருஷமாகக் குறைத்தது.

அம்மாளை அன்றைக்கே அனுப்பி வைத்தேன். 27-ம் நாள் மனு போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் கையிலிருந்து பாத்திரம் நழுவி விழுவதில்லை.