இருந்து செய்யும் வேலையும் வேலைதான்

"பிள்ளை வீட்டில்தான் நிற்கிறான், கணனிக்கு முன்னால் இருக்கிறான், அவனுக்கு என்ன களைப்பு?" பெற்றோரிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் குறை சொல்ல முடியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக இங்கிலாந்துக்கு வந்த எம்மில் பலர் பெற்றோல் நிலையங்களில் இரவிரவாக நின்றோம், உணவகங்களில் கோப்பை கழுவினோம். களைப்பு என்றால் காலும் நாரியும் நோகவேண்டும் என்பதுதான் எமது கணக்கு. அதனாலேயே பிள்ளைகளை நிழலில் இருந்து செய்யும் வேலைக்கு அனுப்ப ஆசைப்பட்டோம். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மட்டும் நாம் விசாரிக்கவில்லை.

இணையத்தளங்களை உருவாக்கும் ஒரு பிள்ளையின் நாளைப் பார்ப்போம். காலையில் மடிக்கணனியைத் திறந்ததும் ஸ்லாக்கில் இரவு வந்த செய்திகள் காத்திருக்கும். ஒன்பதரைக்கு ஒரு கூட்டம். அதற்கு 'ஸ்ரான்ட் அப்' என்று பெயர், அதாவது நின்றபடி நடத்தும் கூட்டம். இப்போது எல்லோரும் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே அதில் கலந்துகொள்கிறார்கள்! பின்னர் விஷுவல் ஸ்ரூடியோ கோட் போன்ற ஒரு செயலியில் நிரல் எழுதுவார்கள். எழுதியதை 'கிற்' என்ற கருவியில் சேமிப்பார்கள். 2005இல் லினஸ் ரோவால்ட்ஸ் உருவாக்கிய இக்கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று பதிந்து வைத்திருக்கும். சக ஊழியர் ஒருவர் அதைப் படித்துப் பிழை சொல்லுவார். தானியங்கிச் சோதனைகள் ஓடும். ஒன்று தவறினாலும் மாற்றம் வெளியே போகாது. ஒரு நாளில் இந்தச் சுற்று எத்தனையோ தடவை நடக்கும். கண்ணும் மூளையும் ஓயாது, உடம்பு அசையாது.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. எரிச்சலும் மங்கலும் அதனால்தான். 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் காசு செலவழிப்பது வீண் என்பதே எமது அபிப்பிராயம். 2023இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பிலும் அவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அதைவிட, இந்நாட்டில் 1992ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டவிதிகளின்படி, வேலையில் திரையை வழமையாகப் பாவிக்கும் ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைக்கான செலவை முதலாளி ஏற்கவேண்டும். மேசை, கதிரை சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். சுயதொழிலாக ஒப்பந்தத்தில் செய்பவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை.

எமக்கு உண்மையில் கவலை தருவது கண்ணல்ல, வயிறு. தெற்காசியரான எமக்கு நீரிழிவு மற்ற இனத்தவரைவிட இளம் வயதிலேயே, குறைந்த உடற்பருமனிலேயே வருகிறது. அதன்மேல் நாளுக்கு எட்டு, பத்து மணித்தியாலம் இருக்கையும் சேர்ந்தால் என்னவாகும்? முப்பது வயது கடந்த ஒரு பிள்ளையிடம் சீனி கூடியிருக்கிறது என்று சொல்லும்போது, அப்பிள்ளையைவிடக் கூட வந்த தாய்தான் அதிர்ந்து போகிறார். "அவன் மெல்லிய ஆள்தானே டொக்டர்?" கை கால் மெலிந்திருக்கும், இடுப்பை அளந்தால் தெரியும். இடுப்பின் சுற்றளவு உயரத்தின் பாதிக்குக் கீழே இருக்கவேண்டும். 170 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 85 சென்ரிமீற்றருக்குள்.

அம்மாமார் கோபிக்கக்கூடாது. பிள்ளை மும்முரமாக வேலை செய்கிறது என்று சோற்றுக் கோப்பையை மேசைக்கே கொண்டுபோய் வைப்பது அன்புதான். ஆனால் அந்தக் கோப்பைக்காகவாவது அவன் எழும்பிக் குசினிக்கு வரட்டும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டால் ஏறும் சீனி குறையும். இரண்டு மணிக்குக் கூட்டம் இருந்தால், பேசாமல் கேட்கவேண்டிய கூட்டமாயின், தொலைபேசியில் கேட்டபடியே நடக்கலாம்.

அடுத்தது இரவு. இணையத்தளம் நள்ளிரவில் விழுந்தால் அதை எழுப்பவும் ஒருவர் வேண்டும். முறை வைத்து 'ஓன் கோல்' இருப்பார்கள். தலைமாட்டில் கைத்தொலைபேசி. 2021 டிசெம்பரில் 'லொக்4ஜே' என்ற மென்பொருளில் பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது உலகெங்கும் எத்தனையோ பேர் அந்த வார இறுதியை வேலையிலேயே கழித்தார்கள். வைத்தியர்களாகிய எமக்கு இரவுக் கடமை புதிதல்ல. ஆனால் இப்பிள்ளைகளில் பலருக்கு இரவு மூன்று மணிக்கு எழும்பியபின்னும் காலை ஒன்பதரைக் கூட்டம் காத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள், சில விலக்குகளோடு, இரு வேலைநாட்களுக்கிடையே 11 மணித்தியாலத் தொடர் ஓய்வைச் சொல்கின்றன. இதை மேலாளரிடம் கேட்பதற்கு எம்மவர் கூச்சப்படுகிறார்கள். விசாவுக்கு அந்த நிறுவனத்தையே நம்பியிருப்பவர்கள் பயப்படுகிறார்கள். கூச்சம் வேறு, பயம் வேறு. பயப்படுகிற பிள்ளைக்கு வீட்டார் புத்தி சொல்லிப் பயனில்லை, பக்கத்தில் நிற்கவேண்டும். காலையில் அவன் எழும்பப் பிந்தினால் "சோம்பேறி" என்னாமல் இருப்பதே பெரிய உதவி. கடமை முறை இல்லாத நாட்களிலாவது ஸ்லாக்கில் அறிவித்தல்களை மாலையோடு நிறுத்திவைக்கலாம். அந்த வசதி அதிலேயே இருக்கிறது.

இன்னொன்று எமக்கு விசித்திரமாகப் படுகிறது. ஒரு வரி மாற்றினாலும் சோதிக்காமல் வெளியே விடாத இவர்கள் தமது உடம்பை மட்டும் ஆண்டுக்கணக்காகச் சோதிக்காமல் விடுகிறார்கள். இங்கிலாந்தில் 'என்.எச்.எஸ். ஹெல்த் செக்' என்ற பொதுப் பரிசோதனைக்கு அழைப்பு வருவது 40 வயதிலிருந்துதான். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தெற்காசியர்களுக்கு 25 வயதிலிருந்தே நீரிழிவு அபாயத்தைக் கணிக்கவேண்டும் என்பது 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டல். உங்கள் குடும்ப வைத்தியரின் வரவேற்பாளரிடம், "எனக்கு 25 கடந்துவிட்டது, நான் தெற்காசியர், நீரிழிவு அபாயத்தைப் பார்க்கவேண்டும்" என்று சொல்லி நேரம் கேளுங்கள். தாய் தகப்பனுக்கு நீரிழிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். எச்.பி.ஏ.1.சி. என்ற இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகவேண்டியதில்லை. முடிவு 42க்குக் கீழே இருந்தால் நல்லது. 42 முதல் 47 வரை என்றால் நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வரப் பெரும்பாலும் வழியுண்டு. 48 அல்லது அதற்கு மேல் என்றால் பிந்தாமல் வைத்தியரைப் பாருங்கள். போகும்போது குருதி அமுக்கத்தையும் அளந்துகொண்டு வாருங்கள்.