மதிலுக்கு அப்பால்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்குக் கீழ்ப்பாக்கம் ஓர் ஊரின் பெயராக அறிமுகமாகவில்லை. ஒரு வசையாகவே அறிமுகமாயிற்று. வகுப்பில் சற்று விந்தையாகப் பேசிவிட்ட பிள்ளையை, "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வர். பெரியவர்களும் அதைக் கேட்டுச் சிரிப்பார்களேயன்றிக் கண்டிப்பதில்லை. அவ்வூரில் நல்ல பள்ளிகள் உண்டு, மருத்துவக் கல்லூரி உண்டு, நிழல் தரும் பழைய வீதிகள் உண்டு. ஆயினும் ஓர் உயர்ந்த மதில் ஊரின் பெயரையே விழுங்கிவிட்டது.

அம்மதிலின் கதை பழையது. 1794-ஆம் ஆண்டில் வாலண்டைன் கானலி என்னும் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் சித்தம் கலங்கியவர்களுக்கென ஒரு விடுதி தொடங்கினார். அது தருமத்திற்காக நடந்ததன்று. கம்பெனியிடம் பணம் பெற்று நடந்த தனியார் தொழில். பின்னர் டால்டன் என்பவர் கைக்கு மாறி, 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே வழங்கலாயிற்று. 1871-இல் 145 நோயாளிகளுடன் அரசுக் காப்பகமாகக் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்திற்கு வந்தது. 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்று, பின்னர் மனநல நிலையம் ஆயிற்று. பெயர்ப்பலகைகள் மாறின, நம் வீட்டுக் கேலிப்பேச்சு மாறவில்லை.

மேலைநாடுகளில் இத்தகைய மதில்கள் பல இன்று இல்லை. 1952-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்திப் பலன் கண்டனர். ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டிருந்தோர் பலர் வெளியே வாழக்கூடும் என்ற நம்பிக்கை அதனால் பிறந்தது. 1961-இல் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல், தம் நாட்டு மனநோய் மருத்துவமனைகளில் பதினைந்தே ஆண்டுகளில் அன்றிருந்த இடங்களில் பாதிக்குமேல் தேவைப்படாது என்று முன்னுரைத்தார். பதினைந்தில் முடியவில்லை, எனினும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்னும் ஊரில், குன்றின்மேல் கோட்டைபோல் ஒரு மருத்துவமனை 1878-இல் எழுந்தது. காற்றும் வெளிச்சமும் அழகிய தோட்டமும் மனத்தைக் குணமாக்கும் என்ற நல்லெண்ணத்தோடு கட்டியது அது. காலப்போக்கில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம் சேர்ந்து, நல்லெண்ணம் நெரிசலில் மூச்சுத் திணறிற்று. 1992-இல் மூடினார்கள். பதினான்கு ஆண்டுகள் சன்னல் உடைந்து, கூரை ஒழுகிப் பாழடைந்து கிடந்த பின், 2006-இல் முகப்பின் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்து இடித்துத் தள்ளிக் குடியிருப்புகள் கட்டினர். இடிந்த செங்கல்லைப் பற்றி நாம் கவலைப்படவேண்டியதில்லை. அங்கிருந்த கல்லறைத் தோட்டமே நெஞ்சை அறுக்கிறது. புதைக்கப்பட்டவர்களின் பெயர் கல்லில் இல்லை, எண் மட்டுமே இருந்தது. அங்கே முன்பு நோயாளிகளாக இருந்தவர்களே முன்வந்து, பழைய ஏடுகளைப் புரட்டிப் பெயர்களைத் தேடியெடுத்துக் கல்லில் பொறித்தார்கள்.

நியூயார்க் மாநிலத்து வில்லார்டு மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டபோது, மேல்மாடத்தில் ஏறத்தாழ நானூறு பெட்டிகள் அகப்பட்டன. உள்ளே சேர்க்கப்பட்ட அன்று நோயாளிகள் கையில் கொண்டுவந்தவை. புகைப்படம், கடிதம், மாற்றுத் துணி. சில நாளில் வீடு திரும்பலாம் என்று எண்ணித்தானே ஒருவர் பெட்டி கட்டுகிறார்?

மதிலை இடித்தவர்கள் எல்லாம் சரியாகச் செய்துவிட்டார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். வெளியே வந்தவர்களை ஏற்க வீடும் மருந்தும் போதிய அளவு ஏற்பாடாகவில்லை. அமெரிக்க நகரங்களில் பலர் நடைபாதைக்கும் சிறைக்கூடத்திற்கும் போய்ச் சேர்ந்தனர். நம் நாட்டில் அதனினும் கொடியது நேர்ந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் கொடியவர்களல்லர். நம்மைப்போன்ற குடும்பத்தார்தாம், வைத்தியமும் வழியும் அறியாமல் களைத்துப்போனவர்கள்.

கீழ்ப்பாக்கம் கைவிடப்பட்ட கட்டடமன்று. இன்றும் நடக்கிறது. 1,800 படுக்கைகள் கொண்ட அவ்விடத்தில் ஒரு காலத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தனர். அதன் முதற்பெண் கண்காணிப்பாளராகி, 1978 வரை பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன் அம்மையார், குணமடைந்தவர்களுக்குத் தொழிலும் மறுவாழ்வும் வேண்டும் என்பதிலேயே முனைந்து நின்றார். ஓய்வுக்குப் பின் 1984-இல் 'ஸ்கார்ப்' அமைப்பை நிறுவினார். நோயாளிகள் அங்கே ரொட்டி சுடுகிறார்கள், நெய்கிறார்கள். ஆனால் குணமடைந்த பின்னும் அழைத்துப்போக ஒருவரும் வராததால் உள்ளேயே முதுமை அடைந்தவர்கள் உண்டு. சேர்க்கும்போது தவறான முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் நம் நாட்டு மனநோய் மருத்துவமனைகள் எல்லாம் அறிந்தது. இங்கே பாழடைந்தது கட்டடமன்று, உறவு.

குடும்பத்தால் இயலாது என்பாருக்குச் சில செய்திகள். 1950-களில் அமிர்தசரசு மருத்துவமனையில் இடமில்லாதபோது, மருத்துவர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு உறவினரையும் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் குடும்பத்தில் ஒருவர் உடன் தங்கவேண்டும் என்ற முறையையே கைக்கொண்டது. நோயாளியைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட குடும்பம் அவரை அழைத்துக்கொண்டு வீடு திரும்பிற்று. இன்னும் பழைய சான்று பெல்ஜிய நாட்டு கீல் நகரம். மனநோயுற்றோரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலத்திற்கு வந்த நோயாளிகளைக் கோவிலில் வைக்க இடமின்றி அவ்வூர்க் குடும்பங்கள் தம் வீடுகளில் ஏற்றன. நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழக்கம் நின்றது. 1930-களின் இறுதியில் ஏறத்தாழ 3,700 பேர் இவ்வாறு வாழ்ந்தனர். அவர்களை நோயாளி என்று அழைப்பதில்லை, வீட்டு விருந்தினர் என்பதே அங்கே வழக்கு. உழவர் குடும்பங்கள் அவை. நம்மைவிட வசதி படைத்தவை அல்ல.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பத்தார் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாகாது என்கிறது. அரசு செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறவேண்டும். எனினும் வாசற்கதவைத் திறப்பது சட்டத்தால் ஆகக்கூடியதன்று.

கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. அதே கீழ்ப்பாக்கத்தில் உயிரோடு ஓர் அண்ணனோ சித்தியோ இருக்கிறாரா என்று அந்நாளில் எத்தனை பேர் நினைத்துக்கொள்கிறோம்? இல்லம் மந்திரிக்க வரும் பங்குத்தந்தை, "வீட்டில் எத்தனை பேர்?" என்று பதிவேட்டைத் திறந்து கேட்கிறார். தங்கையின் திருமண ஓலை வாசித்து முடியட்டும் என்று அஞ்சி, ஒருவரைக் குறைத்தே விடை சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அடுத்த முறை அவர் வரும்போது அந்த ஒருவரின் பெயரையும் எழுதச் சொல்லலாம்.