துண்டுத் துணிக்கு வந்த மவுசு



“குயில்ட் தைக்கப் போறேன்” என்றேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, “குயில் கூவும்னுதானே கேள்விப்பட்டிருக்கேன்!” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சில வருஷங்களுக்கு முன் எனக்கே அந்த வார்த்தை தெரியாது. மேலே ஒட்டுத் துணிகளைச் சேர்த்த பாகம், நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டினால் அதுதான் குயில்ட். நம் பாட்டிமார் பழம்புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரித்தார்களே, அதற்கு இது அக்கா முறை!

இன்று இதற்கு ஏக மவுசு. 2019 ஜனவரியில் சென்னையில் ‘இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல்’ என்று இதற்கெனவே ஒரு விழா நடந்தது. 2020-இல் ஊரடங்கு வந்து வீட்டில் அடைபட்டபோது ஊசி நூலைக் கையில் எடுத்தவர்கள் பலர். அப்படி என்னதான் இருக்கிறது இதில்? என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலைப் பக்கம், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிட்டே. இங்கே கடிகாரம் பார்க்க வேண்டாம், கம்பெனி பஸ் போகிற சத்தத்திலேயே மணி தெரிந்துவிடும். ஆண்கள் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவார்கள். டி.வி. போடக்கூடாது, மிக்ஸி ஓட்டக்கூடாது. பிள்ளைகளும் வெளியூர் போய்விட்டால், பகல் பொழுது மலையாய் நிற்கும்.

எங்கள் மாடிக்கு ஒரு சின்னப் பெண் குடிவந்தாள். சங்கரன்கோவில் பக்கம். நாலு மாசக் கைக்குழந்தை. புருஷனுக்கு ஒரகடத்தில் வேலை. ஒருநாள் கீழே இறங்கி வந்து, “அக்கா, பழைய காட்டன் புடவை இருந்தா கொடுங்க, பாப்பாவுக்குத் துணி கிழிக்கணும்” என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்லைக்கா, சும்மாவே அழுகை வருது” என்றாள்.

என்னிடம் பழைய புடவை இருந்தது. 2021-இல் போய்ச் சேர்ந்த என் அம்மாவின் சுங்குடிப் புடவைகள் ஏழு, டிரங்குப் பெட்டியில். அந்தப் பெட்டியை நான் திறந்ததே இல்லை. அன்றைக்கு அவளுக்காகத் திறந்தேன். கற்பூர வாசனையோடு அம்மா வாசனையும் சேர்ந்து வந்தது. அப்புறம் இரண்டு பேருமே அழுதோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஒரு புடவை பாப்பாவுக்குப் போயிற்று. மீதி ஆறையும் மறுபடி பூட்ட மனசு வரவில்லை. சில இடத்தில் நைந்திருந்ததால் கட்டவும் முடியாது. அப்போதுதான் குயில்ட் ஞாபகம் வந்தது. முதல் வெட்டு போடும்போது கை நடுங்கியது நிஜம்.

இது புதுசும் இல்லை, வெள்ளைக்காரர் சொத்தும் இல்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ‘காந்தா’ தைத்தார்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ தைக்கிறார்கள். ஓர் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் ‘பூ’ என்று மடித்த துணி வைத்தால்தான் அவர்களுக்கு அது முழுமை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், ஏழைக் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டு நைந்த துணியிலும் தைத்த போர்வைகள், 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-இல் தபால்தலையாகவும் வந்தன!

இனி செய்முறை. புதுத் துணியானால் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சாயமும் சுருக்கமும் அப்போதே தெரிந்துவிடும். அட்டையில் 5 அங்குலச் சதுரம் வெட்டி, அதை வைத்து 120 துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால், வரிசைக்கு 10 வீதம் 12 வரிசையில் 45-க்கு 54 அங்குலம் வரும். நடுவே பஞ்சு வேண்டாம், நம் வெயிலுக்குத் தாங்காது. பழைய பெட்ஷீட் ஒன்றே போதும். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஊக்கு குத்தி, பிறகு நூலோட்டுங்கள். ஓரத்துக்குப் பட்டி வைத்து மடித்துத் தைத்தால் முடிந்தது. விலையுயர்ந்த கட்டர், வெளிநாட்டுத் துணி எதுவும் தேவையில்லை. டெய்லர் கடை வெட்டுத்துணியே போதும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஊசியையும் ஊக்கையும் எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் தலையைத் தூக்கித் தூரத்து மரத்தைப் பாருங்கள். கழுத்துக்கும் கண்ணுக்கும் நல்லது. இன்னொன்று, ஒரு வயசு ஆகும்வரை தூங்கும் குழந்தையின் மேல் இந்தப் போர்வையைப் போர்த்தாதீர்கள், பக்கத்திலும் போடாதீர்கள். மூச்சை அடைத்துவிடும். விழித்திருக்கும்போது நாம் கூட இருந்து, தரையில் விரித்து விளையாட விடலாம்.

மாடிப் பெண்ணும் தினம் மத்தியானம் பாப்பாவோடு கீழே வந்து என்னோடு தைத்தாள். ஒரு வரிசை முடித்தால் ஒரு வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. சமைத்தது தீர்ந்துவிடும், துவைத்தது அழுக்காகிவிடும். இது அப்படியே நிற்கும். குழந்தை அழுதால் பாதியில் போட்டுவிட்டுப் போகலாம், கெட்டுப்போகாது. கையும் கணக்கும் வேலை செய்யும்போது கவலைக்கு இடம் குறைகிறது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக் குயில்ட் குழுவினரைக் கேட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்விலும், வண்ணங்கள் மனசுக்கு உற்சாகம் தருவதாகவும், கூட இருப்பவர்களின் பேச்சு துணையாக இருப்பதாகவும்தான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மவுசுக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் தையலே மருந்து என்று சொல்லமாட்டேன். பிரசவத்துக்குப் பின் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இலவசமாகப் பேசலாம். இவளையும் நான் கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். “இதுக்கெல்லாமாக்கா டாக்டர்?” என்றாள். “காய்ச்சலுக்குப் போறோமில்லே, அதுபோலத்தான்” என்றேன். இப்போது முகம் தெளிந்திருக்கிறாள்.

போர்வை முடிய மூன்று மாசம் ஆயிற்று. அம்மா புடவையில் ஓரிடத்தில் மஞ்சள் கறை, கை துடைத்திருப்பாள் போல. அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் நட்டநடுவில் வைத்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதைத்தான் இப்போது போர்த்திக்கொண்டு தூங்குகிறார். குயில் கூவவில்லை, குறட்டைச் சத்தம்தான் கேட்கிறது!