காட்டுக்குத் துவக்கு எதற்கு?



பாலைப்பழக் காலத்தில் பொத்துவில், பாணமைப் பக்கம் காட்டுக்குப் புறப்படும் நம் ஆண்கள், "கரடி வந்தால் துவக்கு வேண்டாமா?" என்கிறார்கள். கரடிக்கும் பாலைப்பழம் என்றால் உயிர், மரமேறியே தின்னும். அதற்குக் கண் மந்தம், மூக்குத்தான் கூர்மை. சத்தமின்றிக் கிட்டப் போய்விட்டால் மிரண்டு முகத்திலேயே பாயும். அந்த நொடியில் துவக்கைத் தூக்க யாருக்கு நேரம்? அமெரிக்கப் பூங்காக்களில் 2010 முதல் துவக்கு கொண்டு போகலாம். அங்கும் அதிகாரிகள் மிளகாய்த் தெளிப்பானையே கையில் வைக்கச் சொல்கிறார்கள். நம் குமனைப் பூங்காவிலோ அது குற்றம்.

கூட்டமாகப் போகச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே நடக்கட்டும். அஸருக்கு முன் திரும்பட்டும். வெறும் பையோடு வந்தாலும் ஏசாதீர்கள்.